பதினொரு மணி வெயில்

சேவூர்,
புரட்டாசி 22, வியாழன்.

அன்பு மகள் கலைமகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் நலம் என்று எழுத வந்த கையைப் பாதியில் நிறுத்திக்கொண்டேன், ஏனென்று போகப் போகத் தெரியும். நீ அந்தக் குளிர் தேசத்தில் வேளைக்குச் சாப்பிட்டு, காதை மூடி, சளி பிடிக்காமல் நன்றாக இருக்க நம் குலதெய்வத்தை வேண்டிக்கொள்கிறேன். தினமும் போனில் பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் என்றால் அப்பா பக்கத்திலேயே நிற்கிறார், நீயும் இரண்டாவது வார்த்தையில் அழ ஆரம்பித்துவிடுகிறாய், உடனே நான் பேச்சை மாற்றி, குழம்புக்குப் புளி எவ்வளவு போட்டாய் என்று போய்விடுகிறேன். பக்கத்து வீட்டு தீபாவிடம் கொடுத்து போட்டோ எடுத்து அனுப்பலாம் என்றால் அவள் படிக்காமல் அனுப்பமாட்டாள். அதனால் தபாலிலேயே போடுகிறேன்.

போன வாரம் ரத்தம் பத்து இருக்கிறது என்று சொன்னேனே, அது பொய். ஆறரைதான். பக்கத்தில் நின்ற அப்பாவும் தலையாட்டினார், அதற்கு நான்தான் அவரிடம் சத்தியம் வாங்கியிருந்தேன். வேலூரில் டயாலிசிஸ் முடிந்து ஊருக்குத் திரும்ப பஸ்ஸில் ஏறினால் இரண்டு படிக்கே மூச்சு வாங்குகிறது. காலை வைத்த இடத்தில் வைக்க முடியவில்லை, உள்ளே ஏதோ ஊர்வது போல இருக்கிறது, தறிக்குழியில் உட்கார்ந்து நெய்யும்போது மிதியை மிதிக்கிற மாதிரி படுத்தாலும் கால் தானாக ஆடுகிறது. இவ்வளவு எழுதுவதற்குள் மூன்று முறை எழுந்து கூடத்தில் நடந்துவிட்டு வந்தேன், கையெழுத்து கோணலாக இருப்பதும் அதனால்தான். ரத்தமும் இரும்புச் சத்தும் குறைந்தால் சிலருக்கு இப்படிக் கால் குடையுமாம், மெஷின் பார்க்கிற சுகன்யா சொன்னாள்.

ஆடி மாதமே டாக்டரம்மா சொன்னார், ரத்தம் ஊற ஊசி போட்டும் ஏறவில்லை, உங்களுக்கு வைட்டமின் டி ரொம்பக் குறைவு, அதுவும் இரும்பும் சரியானால்தான் ஊசி பிடிக்கும், வாரம் ஒரு மாத்திரை போடுங்கள், கொஞ்சம் வெயிலிலும் நில்லுங்கள் என்று. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீ இருக்கிற ஊரில் பகலே இருட்டு, நீ அந்த மாத்திரை போடுவது நியாயம், இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது, எனக்கு எதற்கு. தினமும் விடிந்தால் ஒரு மணி நேரம் தெருவில்தான் நிற்கிறேன் டாக்டரம்மா என்றேன். அது பொய் இல்லை. அப்பா தறிக்கான பாவு நூலைத் தெருவில் நீட்டும்போது ஒரு முனையில் நின்று இழையைப் பார்ப்பது நான்தான், நம் பாவு இல்லாத நாளில் அடுத்த வீட்டுப் பாவுக்குப் போய் நிற்பேன். இப்படியே இரண்டு மாதம் நின்றேன். சோதித்துப் பார்த்தால் டி இன்னும் கீழே இறங்கியிருந்தது. சுகன்யாவும் நெசவு வீட்டுப் பெண்தான், அவள் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஏம்மா, வெயில் பட்டா இழை அறும்னுதான விடியறப்பவே பாவ நீட்டி ஜல்தியா சுருட்டிகினு உள்ள பூடுவீங்க, அதுல உங்க மேல இன்னா வெயில் பட்டுது என்று கேட்டாள். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் கூடச் சிரித்துவிட்டார். முப்பது வருடமாக வெயில் வராத நேரமாகப் பார்த்துத் தெருவுக்கு வந்தவள், அந்த நேரத்தைப் போய் வெயில் கணக்கில் சேர்த்திருக்கிறேன். டாக்டரம்மா மட்டும் சிரிக்கவில்லை. சிறுநீரகம் வேலை செய்யாதவர்களுக்கு வெயில் மட்டும் போதாது, மாத்திரை போட்டீர்களா என்றார். போட்டேன் என்றேன்.

போடவில்லை. எல்லாம் நூல் கட்டைகள் வைக்கிற டப்பாவுக்குள் அப்படியே இருந்தது. மறதி என்று சொல்லித் தப்பிக்கலாம், ஆனால் மறதி இல்லை. ரத்தம் ஏறினால்தான் ஆபரேஷன் பேச்சையே எடுப்பார்கள். தை மாதம் நீ வந்து உன் சிறுநீரகத்தில் ஒன்றை எனக்குக் கொடுப்பதாக அப்பாவும் நீயும் என்னை ஒரு வார்த்தை கேட்காமல் முடிவு செய்துவிட்டீர்கள். இன்னும் கல்யாணம் கூட ஆகாத பெண்ணை எனக்காகக் கத்திக்கு அடியில் படுக்க வைப்பதா என்று எனக்கு மனசு ஆறவே இல்லை. ரத்தம் ஏறாமல் இருந்தால் அதுவே ஒரு சாக்கு என்று இருந்துவிட்டேன். கோபம் வந்தால் திட்டிக்கொள், தகும்.

திங்கட்கிழமை டயாலிசிஸ் முடிந்து கட்டிலை விட்டு எழுந்ததும் கண் இருட்டி விழுந்தேன். அடி ஒன்றும் இல்லை. ரத்தம் ஏற்றலாமா என்று பேச்சு வந்தது. வெளி ரத்தம் ஏற ஏற உடம்பு அடுத்தவர் உறுப்பை எதிர்க்கப் பழகிவிடும், அப்புறம் மகள் கொடுப்பது சேராமலே போகலாம் என்று டாக்டரம்மா சொன்னார். நான் நினைத்தது நடக்கிறது, நிம்மதி வர வேண்டும். வரவில்லை. வேணாம்மா, கொஞ்சம் டைம் குடுங்க என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு டப்பா விஷயத்தையும் சொல்லிவிட்டேன். எனக்கு வாழ ஆசை இருக்கிறது, கலை. உன்னைக் கேட்டு வாங்கியாவது வாழ ஆசை இருக்கிறது. எழுதவே வெட்கமாக இருக்கிறது.

இரண்டு வாரம் பார்க்கலாம், அதற்குள் மயக்கம் வந்தால் ரத்தம் ஏற்றித்தான் ஆக வேண்டும் என்றார். இரும்புச் சத்தை மெஷினிலேயே ஏற்றுகிறார்கள். டப்பா விஷயம் தெரிந்ததிலிருந்து அப்பா நேற்று வரை என்னோடு பேசவில்லை. இன்று காலை அவரே டப்பாவைத் திறந்து மாத்திரையையும் தண்ணீரையும் என் முன்னால் வைத்தார், விழுங்குகிற வரை நகரவில்லை. பதினொரு மணிக்குத் தெருவில் போய் நின்றேன். எதிர் வீட்டு காசியம்மாள் பார்த்துவிட்டு, இன்னாடி பாஞ்சால, வத்தல் மாதிரி காஞ்சிகினு நிக்கற என்றாள். மயங்கிவிடுவேனோ என்று அப்பா குடையோடு வந்து தலைக்கு மேல் பிடிக்கிறார், குடைக்குள் எங்கே வெயில் படும் என்று நடுத்தெருவில் எங்களுக்குச் சண்டை.

நீ பட்டினி கிடக்காதே, அந்த மாத்திரையை ஒரு நாளும் விடாதே, என்னைப் போல டப்பாவில் போடாதே. உனக்கு ஒரு குறையும் வராமல் ஆயுசோடு இருக்க வேண்டும். இந்தக் கடிதம் வருகிற வரை போனில் நான் நன்றாக இருப்பதாகவே சொல்வேன், நம்பாதே. ரத்தம் எவ்வளவு என்று என்னைக் கேட்காதே, சோதனைச் சீட்டை தீபாவிடம் கொடுத்தாவது போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி அப்பாவைக் கேள். ஊருக்கு வருவதைப் பற்றி நீ எத்தனையோ முறை பேச்செடுத்தாய், ஒரு முறையும் நான் காது கொடுக்கவில்லை. இப்போது நானே கேட்கிறேன். தை மாதத்துக்கு டிக்கெட் போட்டுவிட்டாயா?

உன் அம்மா,
ரா. பாஞ்சாலை