கொட்டாமல் வைத்த தண்ணீர்

இன்று காலை எங்கள் மேடவாக்கம் அடுக்ககத்தின் வாசலில் மீன் வண்டிக்காரர் தெர்மோகோல் பெட்டியைத் திறந்தார். ஐஸும் மீனும் கலந்த அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு விலை கேட்கத் தோன்றவில்லை. நீதான் வந்து நின்றாய். ஒன்றும் வாங்காமல் மேலே வந்து இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். இன்று வீட்டில் வத்தக்குழம்புதான்.

எண்பதுகளின் நடுவில் தாம்பரத்தில் நம் ஆய்வுக்கூடம். ஒரே வழிகாட்டியிடம் நாம் இரண்டு ஆய்வு மாணவிகள், மேசைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நீ. உனக்கு ஈரல் நொதிகள், எனக்கு ஆட்டு ரத்தம். பின்புறம் கட்டியிருந்த இரண்டு செம்மறிகளிடம் ரத்தம் எடுத்து, அதிலிருக்கும் இன்னும் முதிராத சிவப்பு செல்களைப் பிரித்து வளர்ப்பேன். இளம் செல்லின் மேல் இரும்பைப் பிடித்து உள்ளே இழுக்கும் ஒரு புரதம் உண்டு. செல் முதிர முதிர அது காணாமல் போகும். எங்கே போகிறது என்பதுதான் என் ஆய்வு.

சுழற்றும் இயந்திரத்தில் போட்டால் செல்கள் அடியில் படியும். மேலே நிற்கும் தெளிந்த தண்ணீரைத் தொட்டியில் கொட்டிவிட்டு அடியில் இருப்பதை எடுத்துக்கொள்வேன். எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். செல்லே அந்தப் புரதத்தைச் செரித்துவிடுகிறது என்றார் சார். சார் சொன்னால் சரிதான் என்று நானும் எட்டு மாதம் கொட்டிக்கொண்டிருந்தேன்.

நீ பல்லாவரத்துக்காரி. இரண்டு நாளுக்கு ஒருமுறை தெருக்குழாயில் தண்ணீர் வரும் வீடு. அரிசி கழுவிய தண்ணீரில் மீனைக் கழுவி, மீன் கழுவியதை முருங்கைக்கு ஊற்றுவீர்கள். மழை பொய்த்த அந்த வருடம் நான் எதைக் கொட்டினாலும் உனக்குப் பொறுக்காது. "எதுக்கும் ஆகாதுன்னு தெரிஞ்சப்புறம் கொட்டுடி. நீ பாக்காமலே கொட்டறே," என்பாய். கஞ்சத்தனம் என்று கேலி செய்வேன். பிறகு ஒருநாள் முதல் நீயே என் குழாய்களை வாங்கி, மேல் தண்ணீரை வடித்துக்கொண்டு போனாய். எதையாவது கழுவத்தான் எடுத்துப்போகிறாய் என்று நினைத்து, பெரிய மனது பண்ணிக் கொடுத்தேன்.

உதவித்தொகையைப் புதுப்பிக்கும் குழு கூடுவதற்கு இரண்டு வாரம் இருந்தது. என்னிடம் ஒரு முடிவும் இல்லை. செல்லுக்குள் செரித்ததற்கான தடயமே கிடைக்கவில்லை. புதுப்பிக்காவிட்டால் படிப்பு போதும் என்று அப்பா சொல்லி, ஒரு வரனையும் பார்த்து வைத்திருந்தார். மேசையில் தலை கவிழ்ந்து அழுதேன். நீ உறைபெட்டியைத் திறந்து காட்டினாய். ஊறுகாய்ப் பாட்டில்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் தேதி, என் பெயரின் முதலெழுத்து. நான் கொட்ட இருந்த தண்ணீர் அத்தனையும்.

"உள்ள இல்லன்னா வெளியதானே இருக்கணும்? தேடிப் பாத்துடலாம்," என்றாய்.

அதிவேகமாகச் சுழற்றும் இயந்திரம் நகரத்தில் வேறொரு நிறுவனத்தில்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை மதியம் டிபன் கேரியரில் ஐஸ் போட்டு, பாட்டில்களை அடுக்கி மின்சார ரயில் ஏறினோம். பல்லாவரம் தாண்டியதும் வண்டி நின்றது. நின்றது நின்றதுதான். கேரியரிலிருந்து சொட்டிய தண்ணீர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மீன்காரம்மாவின் கூடைவரை ஓடியது. சந்தையில் விற்றது போக மீதி மீன் அதில் இருந்தது.

"இன்னாமா, ஐஸ் உருகிக்கினு கீது. உள்ள இன்னா கீது?"

"ஆட்டு ரத்தத்துலேர்ந்து எடுத்த தண்ணிக்கா. சூடானா கெட்டுப்போயிடும்," என்றாய் நீ.

"தண்ணி கெட்டுப்பூடுமா? படிச்சவங்க சொல்றீங்க, சரி. இந்தா, புடி." தன் கூடையிலிருந்து இரண்டு கை ஐஸை அள்ளிப் போட்டார். "என் மீனு கெட்டா கொழம்புல புளிய ஏத்திப்பேன். உன் தண்ணிக்கு அது முடியாது."

அன்று அந்த நிறுவனத்தில் நம்மை யாரும் நெருங்கவில்லை, அவ்வளவு கவிச்சி. சுழற்றி எடுத்த குழாயின் அடியில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு படலம். திங்கட்கிழமை சோதித்தோம். காணாமல் போன புரதம் அதில் இருந்தது.

குழுவில் ஒருவர் கேட்டார், மேலே நின்ற தண்ணீரைச் சேர்த்து வைக்க யாருக்குத் தோன்றியது என்று. நீ என் பக்கத்து நாற்காலியில் இருந்தாய். "எனக்குத்தான் சார்," என்றேன்.

நீ என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்குப் புதுப்பித்தார்கள். உன் ஆய்வு போதவில்லை என்று உனக்கு நிறுத்திவிட்டார்கள். நீ குரோம்பேட்டையில் ஒரு பள்ளியில் உயிரியல் ஆசிரியை ஆனாய்.

சில வாரங்களில் ஒரு வெளிநாட்டு இதழின் நகல் வந்தது. அங்கே நமக்கு முன்பே கண்டுபிடித்திருந்தார்கள். செல் தனக்கு வேண்டாததை மிக நுண்ணிய பைகளில் அடைத்து வெளியே தள்ளுகிறது, அது குப்பை என்பதுதான் அன்றைய முடிவு. ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டில் அதைப் படித்துவிட்டு நீ சிரித்தாய். "குப்பைன்னா எதுக்குடி அவ்ளோ அழகா பையில கட்டணும்? நம்ம தெருவுல யாராச்சும் கட்டியா போடறாங்க?"

பத்து வருடத்துக்குமேல் ஆயிற்று உலகத்துக்கு அந்தக் கேள்வி உறைக்க. நோய் எதிர்ப்பு செல்கள் அந்தப் பைகள் மூலம் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்புகின்றன என்ற கட்டுரை வந்தபோது, அதை எடுத்துக்கொண்டு உன்னைப் பார்க்க மருத்துவமனைக்கு வந்தேன். தொண்ணூறுகளின் கடைசி. உனக்கு ரத்தப் புற்று. தலையில் துணி கட்டி, கண்ணாடி போட்டு, ஒரு வரி விடாமல் படித்தாய்.

"அப்ப எனக்குள்ளயும் ஓடிக்கிட்டிருக்கும். நல்ல செல்லும் அனுப்பும், கெட்டதும் அனுப்பும். இல்ல?"

"தெரியலடி."

"தெரியலன்னு சொல்லக் கத்துக்கிட்டியே, பரவாயில்ல."

அப்போதுதான் உடைந்துபோய்ச் சொன்னேன். அன்று குழுவின் முன் நான் பொய் சொன்னேன், நியாயமாக அது உனக்கு வர வேண்டியது என்று. நீ என் கையைத் தட்டி நிறுத்தினாய். "அத எங்கிட்ட ஏன்டி சொல்றே? எனக்குத்தான் தெரியுமே. தெரியாதவங்ககிட்டப் போய்ச் சொல்லு."

தலையாட்டினேன். அடுத்த மாதம் நீ போய்விட்டாய். அப்புறமும் நான் சொல்லவில்லை. கோழைத்தனம்தான், வேறு பெயர் இல்லை.

நீ கேட்டது சரியாகப் போயிற்று. தாய்ப்பாலில் இருக்கின்றன அந்தப் பைகள். புற்றுச் செல்லும் அவற்றை அனுப்பித்தான் உடம்பின் வேறு இடத்தைத் தனக்குத் தயார் செய்துகொள்கிறது. ஒரு குழாய் ரத்தத்தில் அவற்றைப் பிடித்து, நோயை முன்கூட்டியே அறிய முயல்கிறார்கள், மருந்தை அடைத்து அனுப்பவும் பார்க்கிறார்கள். எல்லாம் கைகூடிவிடவில்லை. ஆனால் உன் கட்டிலுக்குப் பக்கத்தில் நான் தெரியலடி என்று சொன்னவற்றில் சிலவற்றுக்கு இன்று பதில் இருக்கிறது.

போன மாதம் ஒரு கருத்தரங்கு. அன்றே அந்தத் தண்ணீரைக் கொட்டாமல் வைத்தவர் என்று என்னை அறிமுகம் செய்தார்கள். கைதட்டல் ஓயும்வரை நின்றேன். "வைத்தது நான் இல்லை," என்றேன். உன் பெயரை, உன் அப்பாவின் முதலெழுத்தோடு சேர்த்துச் சொன்னேன். அந்தக் குழுவிடம் நான் சொன்ன பொய்யையும் சொன்னேன். பின்வரிசையில் ஒரு பெண் எழுந்து, பெயரை இன்னொரு முறை சொல்லுங்கள் மேடம், எழுதிக்கொள்கிறேன் என்றாள்.

சொன்னேன். தெரியாதவர்கள் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஒவ்வொருவரிடமாகச் சொல்லிக்கொண்டு வருகிறேன்.