பெரியப்பாவின் பெயரில் ஒரு கோப்பு

ஜூன் 8, ஞாயிறு

இன்று கோயிலில் பெரியப்பாவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். எல்லைக் காட்டில் கம்யூனிஸ்டுகளோடு சண்டை போட்ட முன்னாள் ராணுவ வீரர் வீரமுத்து என்று தலைவர் மைக்கில் சொன்னார். எல்லாரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். அம்மா மட்டும் தட்டவில்லை. முந்தானை நுனியை விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தார்.

ஏப்ரலில் தபாலில் பதக்கம் வரும்வரை பெரியப்பா ராணுவத்தில் இருந்தார் என்று இந்த வீட்டில் ஒருவர்கூடச் சொன்னதில்லை. பதினாறு வருஷமாக ஒரே கூரைக்குக் கீழே இருக்கிறோம். அப்பாவும் சொன்னதில்லை. அப்பா நவம்பரில் இறந்துபோனார். ஐந்தே மாதத்தில் பதக்கம் வருகிறது.

கேட்கலாமா? கேட்டால் கத்துவார். கை நீட்டியதில்லை. அந்தக் குரலே போதும்.

விளக்கு எரிந்தால் கதவைத் தட்டுவார். அதனால் போர்வைக்குள் கைப்பேசி வெளிச்சத்தில் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் நோட்டு மாதவிடாய் பேட் பாக்கெட்டுக்குள் போகும். அதை அவர் தொடமாட்டார்.

ஜூன் 12, வியாழன்

வரலாற்று ஆசிரியை, நாங்கள் சிக்கு என்று கூப்பிடும் ஷாந்தினி, என்னை எழுந்து நிற்கச் சொன்னார். கோயில் விஷயம் அவர் காதுக்குப் போயிருக்கிறது. சுதந்திர மாதத்தில் பெரியப்பா பள்ளிக்கு வந்து பேச வேண்டுமாம். அவரை அறிமுகப்படுத்த வேண்டியது நான். அதற்கு முன் அவருடைய ராணுவ ஆவணங்களைக் கடிதம் எழுதி வரவழைக்க வேண்டும். "கதை வேணாம் தேவிஸ்ரீ, பேப்பர் வேணும்" என்றார்.

பின்வரிசையிலிருந்து தினேஷ்வரன், "ஜெனரல் வீட்டுப் பொண்ணு நிக்குது, சல்யூட் அடிங்கலா" என்றான். வகுப்பே சிரித்தது. சிரிக்கட்டும்.

ஜூன் 13, வெள்ளி

கடிதத்தை மலாயில் நான் எழுதினேன். பெரியப்பா படிக்காமலேயே கையெழுத்துப் போட்டு ஐசி அடையாள அட்டையின் நகலும் கொடுத்தார். பள்ளிக்கூடத்துலயா பேசணும், எத்தனை பேர் இருப்பாங்க என்று மூன்று தடவை கேட்டார். சாயங்காலம் எனக்கும் சேர்த்து ரொட்டி சானாய் கட்டிக்கொண்டு வந்தார். பதில் பள்ளி முகவரிக்கு வரும்.

ஜூன் 21, சனி

அம்மாவிடம் கேட்டேன். தஞ்சோங் கிளிங் ஹோட்டலில் துணி துவைக்கும் வேலைக்குப் போக பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார். பெரியப்பா எந்த வருஷம் ராணுவத்தில் இருந்தார் என்றுதான் கேட்டேன்.

"வாயை மூடிக்கிட்டுப் படி."

பஸ் வந்தது. ஏறிவிட்டார். ஜன்னல் பக்கம் உட்கார்ந்தும் என் பக்கம் திரும்பவில்லை.

ஜூலை 5, சனி

அப்பாவைப் பற்றி எழுதி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் மறந்துவிடும்.

புல் வெட்டும் வேலைக்குப் போகும்போது சில சனிக்கிழமைகளில் என்னையும் செம்பனைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போவார். தடம் நன்றாக இருக்கும், ஆனால் தடத்தில் நடக்கமாட்டார். ஓரமாகவே போவார். நான் கால் வெச்ச எடத்துல கால் வை என்பார். ஏன்பா என்றால் பாம்பு என்பார். பாம்பு புல்லில்தானே இருக்கும்? தடத்தில் எப்படி?

அப்போது எனக்கு இது தோன்றவில்லை. இன்று தோன்றுகிறது.

ஜூலை 9, புதன்

ஒன்றும் வரவில்லை.

ஜூலை 23, புதன்

வந்துவிட்டது. சிக்கு உறையைப் பிரிக்காமலேயே என் கையில் கொடுத்தார். கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு பிரித்தேன்.

பதினான்கு தாள். எல்லாவற்றிலும் பெரியப்பா பெயர், பெரியப்பாவின் ஐசி எண். 1985 மார்ச் சேர்க்கை, 1989 பணி விடுவிப்பு. புகைப்படம் நகலெடுத்து நகலெடுத்துக் கறுத்துப் போயிருக்கிறது. யார் முகமாகவும் இருக்கலாம்.

ஆறாவது தாள் மருத்துவப் பரிசோதனை. உயரம், எடை, பல், ரத்தம். கீழே உடல் அடையாளம் என்று ஒரு கட்டம். வலது புருவத்துக்கு மேல் இரண்டு அங்குலத் தழும்பு.

பெரியப்பாவின் நெற்றியில் ஒரு கீறல்கூடக் கிடையாது.

அந்தத் தழும்பு யாருடையது என்று எனக்குத் தெரியும். சின்ன வயதில் பால் வாளியின் விளிம்பு வெட்டியது. நவம்பரில் பெட்டியை மூடுவதற்கு முன் அப்பாவுக்குத் திருநீறு பூசியபோது என் விரல் அதன் மேல்தான் போனது.

பதினோராவது தாள்: 1987, கண்ணிவெடிச் சிதறல், இடது தொடை, பதினோரு நாள் மருத்துவமனை. தொடைத் தழும்பைப் பற்றிக் கேட்டால் லோரியிலிருந்து விழுந்தேன் என்றுதானே அப்பா சொல்லியிருந்தார் எங்களிடம்.

அழவில்லை. கோபம்தான் வந்தது.

ஜூலை 26, சனி

அம்மா சொல்லிவிட்டார். தாளைக் காட்டினேன், அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

ஜாசின் பக்கத் தோட்டத்தில் அப்பா பிறந்ததை யாரும் பதியவில்லை. அதனால் குடியுரிமை இல்லை, சிவப்பு ஐசிதான். அது இருந்தால் ராணுவத்தில் சேர முடியாது. பெரியப்பாவின் பிறப்பைப் பதிந்திருந்தார்கள், அவருக்குக் குடிமகனின் நீல ஐசி. இருவருக்கும் இரண்டு வயதுதான் வித்தியாசம், ஒரே சாயல். அப்பா பெரியப்பாவின் ஐசியை எடுத்துக்கொண்டு போய் நான்கு வருஷம் வீரமுத்துவாக இருந்துவிட்டுத் திரும்பி வந்தார். வந்ததும் பெயரைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கல்யாணத்துக்குப் பிறகுதான் அம்மாவிடமே சொன்னாராம்.

நான் வெளியில் சொன்னால் அப்பா பேர் கெட்டுவிடும், ஆள் மாறாட்டம் பண்ணினவர் என்பார்கள் என்று அம்மா பயப்படுகிறார்.

கெடட்டும். கெட்ட பேராவது அவருடைய பேராக இருக்கட்டும்.

ஆகஸ்டு 3, ஞாயிறு

கேட்டுவிட்டேன்.

பெரியப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஆறாவது தாளை அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். படித்தார். தட்டைத் தள்ளி வைத்தார்.

"யாரு குடுத்தா இதை?"

"நீங்கதான் கையெழுத்துப் போட்டு வாங்கினீங்க பெரியப்பா."

கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"உங்கப்பனுக்கு ராணுவ ஆசை. சிவப்பு ஐசியை வெச்சுக்கிட்டு என்னா செய்வான்? கால்ல விழாத குறையா கெஞ்சினான். குடுத்தேன். சேந்த ஒடனே அவங்க ஐசியை வாங்கி வெச்சுக்குவாங்க, அது தெரியுமா ஒனக்கு? நாலு வருஷம் நான் ஐசி இல்லாத ஆளு. ரோட்டுல போலீஸ் நின்னா ரப்பர் மரத்துக்குள்ள பூந்து ஓடுவேன். எனக்குப் பேசி வெச்ச பொண்ணு, கல்யாணத்தப் பதிவு பண்ண முடியாம வேற எடத்துக்குப் போயிட்டா. பேரு என்னோடது. அந்தப் பேரால பட்டதும் நான்தான். இப்ப ஒரு பதக்கம் வந்தா ஒனக்கு எரியுதா?"

எனக்குப் பாவமாக இருந்தது. பொய் எழுத மாட்டேன், நிஜமாகவே பாவமாக இருந்தது. ஆனாலும் சொன்னேன். காட்டில் நடந்தது நீங்கள் இல்லையே என்றேன். பள்ளியில் வந்து இரண்டையும் சொல்லுங்கள், நீங்கள் ஒளிந்திருந்ததையும் சொல்லுங்கள், அப்பா போனதையும் சொல்லுங்கள் என்றேன்.

"பள்ளிக்கூடத்துல நீ வாயைத் தொறந்தா அம்மாவும் மகளும் மூட்டையைக் கட்டிக்கிட்டுக் கெளம்பணும். வீடு என் பேருல இருக்கு."

ஆமாம். சிவப்பு ஐசிக்கு அரசாங்க மலிவு வீடு கிடைக்காது, அதனால் வீடு அவர் பேரில். அப்பாவின் நான்கு வருஷமும் அவர் பேரில். தொடையில் இருந்த வெடித்துண்டுகூட அவர் பேரில்தான் இருக்கிறது.

ஆகஸ்டு 4, திங்கள்

பயமாக இருக்கிறது. எங்கே போவோம்?

ஆகஸ்டு 17, ஞாயிறு

அறிமுக உரையை நான்கு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

முதலாவதில் எல்லாவற்றையும் போட்டு உடைத்தேன். படித்துப் பார்த்தபோது அப்பா அதில் இல்லை, என் கோபம்தான் இருந்தது. நான்காவதில் பெரியப்பாவைப் புகழ்ந்து எழுதியிருந்தேன். எழுதிய கையை வெட்டிப் போடலாம் போல இருந்தது.

பேப்பர் வேணும் என்றுதானே சிக்கு சொன்னார்? பேப்பரையே படிக்கிறேன். என் வாயிலிருந்து ஒரு வார்த்தை சேர்க்கமாட்டேன். அவரைப் பொய்யர் என்று நான் சொல்லப்போவதில்லை. அவர் வாயைத் திறக்கிறாரா பார்ப்போம்.

ஆகஸ்டு 29, வெள்ளி

முடிந்தது.

மண்டபம் நிறைய ஆட்கள். பெரியப்பா வெள்ளைச் சட்டையில் பதக்கத்தோடு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். மைக்கைப் பிடித்துக்கொண்டேன், விழாமல் இருக்க.

சேர்ந்த நாள் படித்தேன். உயரம் ஐந்தடி ஏழு, எடை ஐம்பத்திரண்டு கிலோ என்று படித்தேன். அடையாளம், வலது புருவத்துக்கு மேல் இரண்டு அங்குலத் தழும்பு என்று படித்துவிட்டுக் கொஞ்சம் நிறுத்தினேன். பிறகு கண்ணிவெடி, இடது தொடை, பதினோரு நாள். பேப்பரில் இவ்வளவுதான் இருக்கிறது, மீதியை அவரே சொல்வார் என்று முடித்தேன்.

பெரியப்பா மேடையேறினார். நடந்து வரும்போதே கை நெற்றிக்குப் போய்விட்டது. முன்வரிசைப் பையன்கள் கழுத்தை நீட்டித் தழும்பைத் தேடினார்கள். ஒருவன் "காணோமே லா" என்று பக்கத்தில் இருந்தவனிடம் சொன்னது எனக்கே கேட்டது. அவருக்கும் கேட்டிருக்கும்.

மைக்குக்கு முன்னால் நின்றார். நான் எண்ணினேன், முப்பது வரைக்கும். "தெரிமா காசே" என்று மலாயில் நன்றி மட்டும் சொல்லிவிட்டு இறங்கி வாசல் வழியாகப் போய்விட்டார். உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று தலைமையாசிரியர் சமாளித்தார். எல்லாரும் கைதட்டினார்கள்.

சிக்கு ஷாந்தினி தட்டவில்லை. என்னைப் பார்த்தார். பிறகு நூலகத்தில் வைத்துக் கேட்டார், சொன்னேன். கோப்பில் பெயரைச் சரிசெய்வதானால் பெரியப்பாவே சத்தியப் பிரமாணம் எழுதிக் கொடுக்க வேண்டும், வேறு யார் சொன்னாலும் செல்லாது என்றார்.

ஆகஸ்டு 30, சனி

செப்டம்பர் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். பெரியப்பா அம்மாவிடம் சொல்லிவிட்டார். என்னிடம் பேசுவதில்லை.

செப்டம்பர் 7, ஞாயிறு

ஹோட்டலுக்குப் பின்னால் ஓர் அறை வாடகைக்கு இருக்கிறதாம். பெட்டிகள் கட்டுகிறோம். அம்மா என்னைத் திட்டுவார் என்று எட்டு நாளாகக் காத்திருக்கிறேன். திட்டவில்லை.

இன்று பெரியப்பா கூடத்தில் உட்கார்ந்து செய்தித்தாள் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா ஒரு பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அவர் எதிரில் போய் நின்றார். என் அம்மா! பெரியப்பா முன்னால் அவர் நிமிர்ந்து நின்று நான் பார்த்ததே இல்லை.

"சாகுற வரைக்கும் அவரு உங்க பேரைக் காப்பாத்துனாரு மாமா. ஆஸ்பத்திரிலகூட ஒரு வார்த்தை சொல்லல. நீங்க ஒரே ஒரு நாளு அவரு பேரைச் சொன்னா என்னா கொறைஞ்சிடும்?"

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். அந்தப் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் கொடுத்தேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

காலையில் பெரியப்பா கதவைத் தட்டினார். வெளியில் நின்றபடியே, "எந்த ஆபீஸு?" என்றார்.

சிக்கு சொன்னதை அம்மா அவரிடம் சொல்லியிருக்க வேண்டும், சத்தியப் பிரமாணம் எழுதும் இடத்தைக் கேட்கிறார். முகவரியை எழுதிக் கொடுத்தேன்.

செப்டம்பர் 18, வியாழன்

பெட்டிகள் இன்னும் கூடத்தில்தான் இருக்கின்றன. அவிழ்க்கச் சொல்லவும் இல்லை, எடுத்துப்போகச் சொல்லவும் இல்லை.

இன்று மலாக்கா டவுனில் ஒரு மாடி. சத்தியப் பிரமாணம் எழுதும் இடம். மூன்று பேரும் போனோம். தட்டச்சு செய்யும் மலாய்க்கார அம்மா முதலிலேயே எச்சரித்தார்: இதனால் போலீஸ் விசாரணை வரலாம், பதக்கத்தைத் திருப்பிக் கேட்கலாம், பெயர் மாறும் என்று உறுதியும் இல்லை. வரட்டும் என்றார் பெரியப்பா. மலாயில் தொடங்கினார், இரண்டாவது வாக்கியத்திலேயே தமிழுக்கு வந்துவிட்டார். அந்த அம்மா என்னை மொழிபெயர்க்கச் சொன்னார்.

நான் "அவர் போகவில்லை, அவருடைய தம்பி போனார்" என்றேன். அப்படி இல்லை, பிரமாணம் என்றால் அவர் சொல்வதுபோலவே "நான்" என்று சொல்ல வேண்டும் என்றார் அந்த அம்மா.

அதனால் சொன்னேன். என் பெயர் வீரமுத்து. என் பெயரில் ராணுவத்தில் இருந்தது நான் இல்லை. என் தம்பி மாயாண்டி. அப்பா பெயரை ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன், அந்த அம்மா ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார்.

தம்பி ஏன் போனார் என்று கேட்டார். எனக்குத்தான் தெரியுமே. ராணுவ ஆசை, கெஞ்சினார், கொடுத்தேன் என்று ஆரம்பித்தேன். பெரியப்பா என் கையைத் தொட்டார்.

"அது இல்ல. ராணுவத்துல சேரச் சொல்லி கடுதாசி வந்தது எனக்கு. நான்தான் மனு போட்டேன், கூட்டாளிங்ககிட்ட வீம்புக்கு. அந்த வாரந்தான் அடுத்த லயத்து வீட்டுப் பையன் எல்லையிலேருந்து ஒத்தைக் காலோட வந்தான். எனக்குச் சோறு எறங்கல. மாயாண்டி கெஞ்சவே இல்ல. நீ இரு, நான் போறேன்னு கார்டை எடுத்துக்கிட்டான். நான் பயந்துட்டேன்."

அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் ஒவ்வொன்றாக மலாயில் சொன்னேன். கடிதம். வீம்பு. ஒற்றைக் கால். நீ இரு, நான் போகிறேன். அதோடு நிறுத்திவிட்டேன். தட்டும் சத்தமும் நின்றது.

"அதையும் சொல்லு" என்றார் பெரியப்பா.

நான் பயந்துவிட்டேன் என்று சொன்னேன். அந்த அம்மா அதையும் தட்டினார்.