ஓடுபாதையை உயர்த்தினால்

கோல சிலாங்கூர், மலேசியா

அன்புள்ள உம்மாவுக்கு, ஜெய்புன்னிசாவின் ஸலாம். முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

இங்கே வரப்போகும் விமான நிலையத்தில் கடல் ஏறினாலும் ஓடுபாதை நனையாதபடி, மண் கொட்டி உயர்த்த எங்கள் அலுவலகத்தில் வரைபடம் போட்டிருந்தோம். போன வாரம் மழைக்கு ஒரு எஸ்டேட் வீட்டில் ஒதுங்கினேன். அந்த வீட்டு புஷ்பா அக்கா தேநீர் கொடுத்துவிட்டு, "ஏர்போட் வரட்டும்லா, நல்லதுதான். தண்ணி எங்க பக்கம் வராதுதானே?" என்று கேட்டார்.

ஓடுபாதைக்கு மட்டும்தான் கணக்குப் பார்த்திருந்தோம். அலுவலகம் திரும்பிக் கணக்குப் போட்டபோது, அந்த மேடு தடுக்கும் தண்ணீர் அக்கா இருக்கும் லயத்து வரிசை வீடுகளில் இடுப்பளவு நிற்கும் என்று தெரிந்தது.

மேலாளர் கணேஸ்வரன், "ரன்வே நனையாதுலா. நம்ம வேலை அதுதான்," என்றார். நான் வரைபடத்தில் கையெழுத்துப் போட மறுத்தேன். அவர் அதை என் பக்கம் தள்ளி, "சரி, தண்ணிக்கு வழி விட்டு மறுபடி வரைங்க. ஆனா முடிக்காம ஊருக்குப் போக முடியாது," என்றார்.

அதனால் தங்கச்சி நிக்காஹுக்கு என்னால் வர முடியாது, உம்மா. அவளிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லுங்கள். எனக்கு எடுத்த புடவையை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். அன்றைக்குப் போனில் என்னை அழைத்து, பெண்கள் கூடியிருக்கும் அறையில் வைத்துவிடுங்கள். நான் பேசமாட்டேன். உங்கள் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பேன்.

வேலையிடத்துக்குப் போக வண்டி வந்துவிட்டது.

உங்கள் மகள்,
ஜெய்புன்னிசா