பதினொரு மூட்டைச் சோளத்தண்டு

செப்டம்பர் 2, செவ்வாய்

துணி காயப்போடக் கீழே இறங்கினால், மாடிப்படிக்குப் பின்னால் கொடிக்கயிற்றுக்கு அடியில் நிற்க இடமில்லை. மூட்டைகள். எண்ணினேன், பதினொன்று. எல்லாம் என் நாத்தனாருடையவை.

கட்டடத்தின் முன்பக்கத்தில் அவள் சோளக்கடை போட்டு நாலு மாதம் ஆகிறது. வேகவைத்த கதிரிலிருந்து முத்துகளை உதிர்த்து, உப்பும் எலுமிச்சையும் போட்டுக் கோப்பையில் தருகிறாள். நல்ல கூட்டம். முத்து கூட்டத்துக்கு; தோல், குஞ்சம், நடுத்தண்டு மூன்றும் மாடிப்படிக்குப் பின்னால். குப்பை வண்டிக்காரர் ஒரு வீட்டுக்கு ஒரு வாளிக்கு மேல் தொடமாட்டார்.

மாலையில் குடியிருப்புச் செயலாளர் வந்தார். “முப்பதாம் தேதிக்குள்ள இந்த மூட்டையெல்லாம் போகணும்மா. இல்லேன்னா கடை போகும்.”

அவர் போனபிறகு நாத்தனார் படியில் உட்கார்ந்து காலைத் தேய்த்துக்கொண்டாள். கடை போனால் பழையபடி துணிக்கடையில் பத்து மணி நேரம் நிற்க வேண்டும். அவள் கால் நரம்பு இருக்கும் நிலையில் முடியுமா?

“நான் பார்த்துக்கறேன்” என்று சொல்லிவிட்டேன். எதை வைத்துச் சொன்னேன்?

செப்டம்பர் 4

சிப்பிக் காளான் வளர்க்கும் ஒருவரைப் பிடித்தேன். சோளத்தண்டில் அருமையாக வருமாம். தண்டை நறுக்கி, ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு, ஆறியதும் ஈரம் வடித்து, காளான் வித்தோடு பையில் அடுக்கிக் கட்டினால் போதும்.

ஆறு பை கட்டினேன். குளியலறையில்தான் ஈரம் நிற்கும் என்பதால் அங்கேயே தொங்கவிட்டேன்.

“இனிமே நான் எங்கே குளிக்கறது?” என்றார் இவர்.

“அதுங்க கண்ணை மூடிக்கும்.”

செப்டம்பர் 7

குஞ்சத்தைக் காயவைத்துக் கொதிக்கவிட்டு ஆளுக்கொரு டம்ளர் குடித்தோம். “வெந்நீருக்குக் கோபம் வந்த மாதிரி இருக்கு” என்றார் இவர். ஆனாலும் மிச்சம் வைக்கவில்லை.

செப்டம்பர் 13, சனி

ஆறு பையும் பச்சைப் பூசணம்.

காளான்காரருக்குப் போன் செய்தேன். “எவ்வளவு நேரம் கொதிக்கவிட்டீங்க?” என்று கேட்டார். ஒரு மணி நேரம் என்றேன். பின்னாலிருந்து இவர் குரல்: “நாற்பது நிமிஷம்.”

யோசித்தால் சரிதான். நான் கடிகாரத்தையே பார்க்கவில்லை. எனக்குள் மணி அடித்தது, அடுப்பை அணைத்தேன். முப்பத்துமூன்று வருடம் பள்ளிக்கூடத்தில் நாற்பது நிமிடத்துக்கு ஒருதரம் மணி கேட்டுப் பழகிய உடம்பு, ஓய்வு பெற்ற பிறகும் பாடவேளையைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறது.

“பார்த்துட்டுதானே இருந்தீங்க, சொல்லக்கூடாதா?”

“டீச்சரைத் திருத்த எனக்கென்ன பைத்தியமா?”

சிரிப்பு வரவில்லை. மூட்டை பதினாறாகிவிட்டது. நாத்தனார் துணிக்கடையில் போய் வேலை கேட்டுவிட்டு வந்திருக்கிறாள். என்னிடம் சொல்லவில்லை, இவரிடம்தான் சொன்னாளாம். நான் வருத்தப்படுவேன் என்று.

செப்டம்பர் 14

புதிதாக ஆறு பை. இந்தமுறை கடிகாரத்தை அடுப்புக்கு எதிரிலேயே வைத்துக்கொண்டேன்.

செப்டம்பர் 17

எழுதக் கை பரபரக்கிறது.

கொஞ்சமாவது குறையட்டும் என்று, நன்றாகக் காய்ந்த தண்டு மூட்டை ஒன்றைத் தள்ளுவண்டியில் வைத்து ஊர்க்கோடிக் குப்பைமேட்டுக்குக் கிளம்பினார் இவர். எதிர்ப்பக்க மெக்கானிக் பட்டறை வாசலில் மூட்டை அவிழ்ந்து தண்டெல்லாம் தரையில். அங்கே எண்ணெய் குளமாய் நின்றிருக்கிறது. இவர் பொறுக்கக் குனிவதற்குள் பட்டறையிலிருந்து ஒரு வேன் பின்னோக்கி வந்து அத்தனையையும் நொறுக்கிவிட்டது.

மெக்கானிக் திட்டிக்கொண்டே பெருக்கினாராம். பெருக்கப் பெருக்கத் திட்டு குறைந்ததாம். தூள் எண்ணெயைக் குடித்துவிட்டிருந்தது. அடியில் தரை தெரிந்தது.

“சார், இது என்ன தூள்?”

“சோளம்.”

“விளையாடாதீங்க சார்.”

ஸ்பாஞ்சை உதாரணமாகச் சொல்லலாம். தண்டுக்குள்ளும் அதே மாதிரி ஓட்டைகள். பாடமாகவே நடத்தியிருக்கிறேன், எனக்குத் தோன்றவில்லை பார்.

சாயங்காலமே காய்ந்த மூட்டை ஐந்தை எடுத்துப் போனார் மெக்கானிக். வேன் சக்கரம்தான் அவருக்கு ஆட்டுக்கல்.

செப்டம்பர் 22

தண்டுக்கு வழி பிறந்தது. தோல்?

இன்று கோப்பை வாங்கப் பாத்திரக் கடைக்குப் போனேன். பீங்கான் சுற்றப் பழைய செய்தித்தாளே கிடைப்பதில்லை என்று கடைக்காரர் அலுத்துக்கொண்டார். வீட்டுக்கு ஓடிப்போய்க் காய்ந்த தோல் ஒரு கை அள்ளி வந்தேன். அவருடைய கோப்பை ஒன்றை அதில் நாலு சுற்றுச் சுற்றி, இடுப்பு உயரத்திலிருந்து தரையில் போட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

கோப்பைக்கு ஒன்றும் ஆகவில்லை.

“இன்னொண்ணு போடவா?”

“வேணாம் டீச்சர். நம்பிட்டேன். தோல் எவ்வளவு இருந்தாலும் அனுப்புங்க.”

செப்டம்பர் 30

செயலாளர் வந்தார். மாடிப்படிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார், குனிந்தும் பார்த்தார். வெறும் தரை.

“எங்கேம்மா ஒளிச்சு வச்சிருக்கீங்க?” என்று நாத்தனாரைக் கேட்டார்.

“எங்க அண்ணியோட குளியலறையில கொஞ்சம் இருக்கு சார். போய்ப் பாக்கறீங்களா?”

அவர் போகவில்லை. ஒரு கோப்பை சோளம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, கடை இருக்கலாம் என்று சொல்லிப் போனார். நாத்தனார் என் தோளில் ஒரு அடி வைத்தாள். வலித்தது. சந்தோஷம்.

அக்டோபர் 1

பை எல்லாம் பால் மாதிரி வெள்ளை. பச்சை எங்குமே இல்லை.

அக்டோபர் 8

வந்துவிட்டது! கொத்துக் கொத்தாக. குளித்துக்கொண்டிருந்த இவர் துண்டோடு வெளியே வந்து, “டீச்சர், உன் பசங்க காது முளைச்சு நிக்கறாங்க” என்றார். மதியம் மிளகு போட்டு வதக்கினேன். மூன்று பேரும் சட்டியை வழித்தோம்.

அக்டோபர் 19, ஞாயிறு

அடுத்த பைகள் கட்டத் தண்டு எடுத்துவரக் கீழே போனேன். மாடிப்படிக்குப் பின்னால் ஒன்றுமில்லை.

“நேத்தே மெக்கானிக் வந்து அள்ளிட்டுப் போயிட்டார் அண்ணி. நாளைக்குக் காளான்காரருக்குச் சொல்லி வச்சிருக்கேன். உங்களுக்கு வேணும்னா புதன்கிழமை.”

“நான் உன் சொந்த அண்ணி.”

“அதான் புதன்கிழமை. வேத்து ஆளா இருந்தா அடுத்த வாரம்.”

வாங்கி வைத்திருக்கும் காளான் வித்து அதுவரை தாங்காது. மாடிக்குப் போய் இவரைக் கூட்டி வந்தேன். கடை வாசலில் நின்று ஆளுக்கு ஐந்து கதிர் தின்றோம். நாலாவதில் இவர் முகம் போன போக்கைப் பார்த்து வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். பத்துத் தண்டும் தேறிவிட்டது. இப்போது அடுப்பில் கொதிக்கிறது. எனக்குள் மணி அடித்தாயிற்று; கடிகாரத்தில் இன்னும் இருபது நிமிடம் இருக்கிறது.