குளத்தைப் பார்த்த ஜன்னல்

என் பிடிவாதக்கார அம்மாவுக்கு,

அப்பா நன்றாக இருக்கிறார். சாப்பாடு இறங்குகிறது, பேச்சு மட்டும் பழையபடி குழறல்தான். போன செவ்வாய்க்கிழமை உன் சுவரை இடிக்க ஆள் கூட்டிக்கொண்டு வந்தேன். நீ போய்ச் சேர்ந்து பதினோரு மாசம்தான் ஆகிறது. சந்தோஷமாகத்தான் வந்தேன், உன்கிட்ட எதுக்கு மறைக்கணும்?

இந்த வங்காள நகரத்தில், லேக் கார்டன்ஸ் குளத்தங்கரையில் அந்தப் பழைய வீட்டை நீ வாங்கினபோது எனக்கு இருபத்தாறு வயசு. "நீ ஆர்க்கிடெக்ட், நான் ஓனர், ஹாரு காண்ட்ராக்டர். மூணு பேரும் கையெழுத்துப் போடாம ஒரு செங்கல் நகரக் கூடாது" என்று, நீ வேலை பார்த்த துறைமுக ஆபீஸ் குரலில் சொன்னாய். ஞாயிறு தவறாமல் சாப்பாட்டு மேஜையில் பிளானை விரித்து மூன்று பேரும் சண்டை போட்டோம். நான் வங்காளிகள் மாதிரி 'தா' போட்டு அண்ணனாக்கின ஹாருதா படிக்கட்டை மாற்றச் சொன்னார், நீ சமையலறையை மாற்றச் சொன்னாய். ரெண்டுமே சரிதான், ஒத்துக்கொள்ள எனக்குத்தான் வாய் வரவில்லை.

பாதி வேலையில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. கீழ் அறையை அவருக்கென்று மாற்றினேன். கட்டில் உயரத்தை அளந்து, அதற்கும் கீழே விளிம்பு வருகிற மாதிரி ஏழடி அகலத்துக்கு ஒரு ஜன்னல் வைத்தேன். படுத்தபடியே குளம் முழுக்கத் தெரியும். நான் செய்த முதல் வீடு அது, அதில் நான் கர்வப்பட்ட ஒரே இடம் அந்த ஜன்னல்.

குடிவந்த மூணாவது மாசம் நான் பத்து நாள் டெல்லி போனேன். திரும்பி வந்தால் ஜன்னலைக் காணோம்! செங்கல் அடுக்கி, பூசி, சுண்ணாம்பும் அடித்தாகிவிட்டது. தென்மேற்கில் தண்ணீர் தெரிந்தால் வீட்டு ஆம்பிளைக்கு ஆகாதாம், ஜோசியர் சொன்னாராம். பால் காய்ச்சவே பஞ்சாங்கம் பார்ப்பவள் நீ, நான் நம்பாமல் என்ன செய்வேன்?

"மூளை இல்லாத பொம்பளை. அந்த மனுஷனுக்கு மிச்சம் இருந்ததே அந்தத் தண்ணி ஒண்ணுதான், அதையும் பிடுங்கிட்டே" என்று கத்தினேன். நீ "இட்லி ஆறுது, சாப்பிடு" என்றாய். தட்டைத் தள்ளிவிட்டுப் போனேன்.

அதோடு உன்னோடு பேச்சை நிறுத்தினேன். ஏழு வருஷம். ஞாயிறு வருவேன், அப்பாவோடு மட்டும் பேசுவேன், நீ வைத்த காபியைக் குடித்துவிட்டுக் கிளம்புவேன். ஆஸ்பத்திரியில் நீ என் பக்கம் திரும்பினபோதுகூட நான் டிரிப்ஸ் பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ பார்க்கிறாய் என்று தெரிந்துதான்.

செவ்வாய்க்கிழமை ஹாருதா சுத்தியலால் முதல் அடி போட்டதும் அப்பா கட்டிலில் இருந்து கத்தினார். "வேண்டாம், வேண்டாம்."

"தூசி அடங்கிடும்பா. அப்புறம் குளம் தெரியும்."

"அவங்களுக்கும் தெரியும்" என்றார்.

அப்புறம் அரை மணி நேரம், ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். எதிர்ப் படித்துறையில் காலையில் ஆம்பிளைகள் குளிப்பார்களாம். அந்த நேரத்தில்தான் நீ அவரைத் துடைத்து, துணி மாற்றுவாயாம். "உங்கம்மா திரை போட்டா. காத்துல நிக்கலை. ஒரு நாள் ஒருத்தன் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டான். பாவம் பார்த்து. நான்தான் அழுதேன், மூடுன்னேன். உன்கிட்ட சொல்லாதேன்னேன். ஜோசியர் மேல பழியைப் போட்டுக்கறேன்னு அவ சொன்னா. ரெண்டு நாள் கத்துவா, அப்புறம் வந்துடுவான்னா."

ஹாருதாவைப் பார்த்தேன். அவர் கையிலிருந்த சுத்தியலைப் பார்த்தார். "மாஷிமா சத்தியம் வாங்கிட்டாங்க தீதி" என்றார் வங்காளியில். அவருக்கு நீ மாஷிமா, பெரியம்மா; நான் தீதி, அக்கா. மூணு கையெழுத்தாம், மண்ணாங்கட்டி! எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது, வீட்டை வரைந்தவளைத் தவிர.

தப்பு என் பிளானில்தான் இருந்தது. படுக்கையிலிருந்து தண்ணீர் தெரியவேண்டும் என்று அங்குலம் அங்குலமாக அளந்தவளுக்கு, தண்ணீரில் நிற்பவனுக்குப் படுக்கை தெரியும் என்று தோன்றவில்லை. அதை யாராவது என் மூஞ்சிக்கு நேரே சொல்லியிருக்கலாமே, அம்மா? பத்து நிமிஷ வேலை. விளிம்பை ஆறடிக்குத் தூக்கி, மேலே நீளமாக ஒரு ஜன்னல். வெளியே இருந்து ஒன்றும் தெரியாது. சாயங்கால வெயில் குளத்தில் பட்டு சீலிங்கில் அலையடிக்கும், அவர் படுத்தபடி பார்த்திருப்பார். ஒரு பென்சில் கோடு போதும்.

"ஏன்பா ஏழு வருஷம் சொல்லலை?" என்று கேட்டேன்.

"வெக்கமா இருந்தது."

"உங்க வெக்கத்துக்கு எங்கம்மாவைக் காவு குடுத்துட்டீங்க" என்றேன். அவர் அழுதார். நான் கண்ணைத் துடைத்துவிடவில்லை. நீ இருந்திருந்தால் என்னை அறைந்திருப்பாய், இல்லையா?

அந்த உசர ஜன்னல் வேலை சனிக்கிழமை ஆரம்பிக்கிறது. அப்பா சரியென்று தலையாட்டிவிட்டார்.

ரெண்டு நாளில் நான் வந்துவிடுவேன் என்று நினைத்தாயே, என்னை அவ்வளவு நல்லவள் என்று யார் உனக்குச் சொன்னது? நான் எப்படிப்பட்டவள் என்று தெரிந்துகொள்ள உனக்கு ஏழு வருஷம் கொடுத்தேன். அப்போதும் நீ காபி வைத்துக்கொண்டே இருந்தாய்.

ஒரே ஒரு வாக்கு தருகிறேன். அப்பாவை மன்னிக்க மாட்டேன், ஆனால் அவரோடு ஒரு நாளும் பேச்சை நிறுத்த மாட்டேன்.

உன் ஒரே மகள்,
பத்மா