ரோமன் வீட்டுக்குப் போன ஓட்ஸ்

பிப்ரவரி 11
பனி விடவில்லை. அப்பா காலையிலிருந்து மாஸ்ட் குடும்பத்தின் ஓட்ஸைச் சலித்துக்கொண்டிருந்தார். அடுத்த விதைப்புக்கு அவர்கள் எடுத்து வைத்தது. போன அறுவடை முடிந்து இடுப்பு உடைந்ததிலிருந்து அப்பாவால் வயலில் நிற்க முடிவதில்லை. ஊராரின் விதையைச் சுத்தம் செய்யும் இந்த எந்திரம்தான் எங்களுக்குச் சோறு போடுகிறது.

நான் மூட்டை தைக்கிறேன். எட்டாம் வகுப்போடு பள்ளி முடிந்தது, எங்கள் சபையில் எல்லோருக்கும் போல. எந்திரச் சத்தத்தில் யாரும் என்னைப் பேசச் சொல்வதில்லை. அது போதும்.

பிப்ரவரி 16
ரோமன் ரேபர் வீட்டுக் களஞ்சியம் எரிந்துவிட்டது. குதிரைகள் பிழைத்தன. வைக்கோல் போச்சு, விதை ஓட்ஸ் முழுதும் போச்சு.

மார்ச் 5
ரோமனுக்குப் புதுக் களஞ்சியம் எழும்பிவிட்டது. ஒரே பகலில்! ஆண்கள் எறும்பு மாதிரி உத்தரத்தில் ஏறினார்கள். ஆளுக்கொன்று கொண்டுவந்தார்கள். அப்பா கொடுத்தது எங்கள் வயலில் விளைந்த ஓட்ஸ், பதினைந்து மூட்டை.

டேலின் வேனில்தான் ஏற்றிப் போனோம். எங்களுக்குக் கார் கூடாது. தூரப் பயணம் என்றால் வெளியாளான டேலைத்தான் கூப்பிடுவோம். வாய் ஓயாத மனிதர்.

"என்ன சலோமா, இன்னிக்காவது ரெண்டு வார்த்தை பேசுவியா? வார்த்தைக்கெல்லாம் நான் தனியா காசு வாங்குறதில்ல."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"ஏன் அம்மோன், இது என்ன ரகம்?" என்று அப்பாவைக் கேட்டார்.

"டார்வெல். முந்தின வருஷம் கம்பெனி விதை வாங்கிப் போட்டேன். அதுல வெளஞ்சது."

"அட, புது ரகமாச்சே! ரோமனுக்குச் சும்மாவா குடுக்குறீங்க?"

ரகத்தைப் பற்றி இவருக்கென்ன கவலை?

சாப்பிட்டதும் அம்மா வாரக் கடிதம் எழுத உட்கார்ந்தாள். எங்களவர்களின் பத்திரிகைக்கு இந்தப் பக்கத்துச் செய்தி அனுப்புவது அவள்தான். யாருக்குக் குழந்தை, யார் வீட்டில் ஆராதனை, யாருக்குக் காய்ச்சல். இன்று அவள் முகத்தில் ஒரே சிரிப்பு.

மார்ச் 22
ஒருவன் வந்தான். தனக்கும் கொஞ்சம் நிலம் இருக்கிறதாம், பத்து மூட்டை டார்வெல் வேண்டுமாம். பூட்ஸில் ஒரு பொட்டு மண் இல்லை. இந்தச் சேற்றுக் காலத்தில்!

"கம்பெனிச் சீட்டு இல்லாட்டியும் பரவாயில்ல. சாதா மூட்டையிலேயே குடுங்க."

"நான் விதை விக்கிறதில்ல" என்றார் அப்பா. "உங்க ஓட்ஸைக் கொண்டாங்க, சலிச்சுத் தரேன்."

"ரோமன் ரேபருக்குக் குடுத்தீங்களே?"

"அது வித்ததில்லையே. அவனுக்கு எரிஞ்சு போச்சு, குடுத்தேன்."

அவன் தலையாட்டினான், மிகவும் மரியாதையாக. கதவருகே நின்று எந்திரத்தை ஒருமுறை நன்றாகப் பார்த்தான்.

ரோமன் பெயர் இவனுக்கு எப்படித் தெரியும்? சொல்லிக்கொடுத்தது யார்?

மார்ச் 24
பெட்ரோல் பங்க் அருகே டேலைப் பார்த்தேன். முந்தாநாள் வந்த அந்த ஆளின் காரில் கைவைத்துக் குனிந்து பேசிக்கொண்டிருந்தார். எங்கள் ஊர்ப் பக்கம் கையை நீட்டிக் காட்டினார்.

அவர்தான். வேறு யார்? மூட்டையைப் பார்த்தவர், ரகம் கேட்டவர், ரோமன் வாசலில் இறக்கியவர்.

மார்ச் 25
அம்மாவிடம் சொன்னேன். "டேல்தான்மா" — அவ்வளவுதான். நான் பேசுவதே அபூர்வம், உடனே நம்பிவிட்டாள்.

ஏப்ரல் 6
அம்மா சொல்லி எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. டேலை யாரும் கூப்பிடுவதில்லை. இன்று அவர் வேன் எங்கள் பாதை முனையில் கொஞ்ச நேரம் நின்றது. வேவு பார்க்கிறாரோ?

ரோமன் விதைத்துவிட்டார்.

ஏப்ரல் 14
இரண்டு பேர் வந்தார்கள், கம்பெனி ஆட்கள். ஒருவன் அன்று பத்து மூட்டை கேட்டு வந்தவன். மற்றவர் வயதானவர், மென்மையாகத்தான் பேசினார். சொந்த வயலில் விளைந்ததைச் சொந்த வயலில் திரும்ப விதைக்கலாமாம், அதற்குச் சட்டம் விடுகிறதாம். அடுத்தவருக்கு விதைக்கக் கொடுத்தால் தப்பாம். அந்த ரகத்தை உருவாக்கியவர்களுக்குத்தான் அந்த உரிமை.

"பணம் வாங்கலியே" என்றார் அப்பா.

"வாங்காட்டியும் ரோமன் எங்ககிட்ட பதினஞ்சு மூட்டை வாங்காமப் போயிட்டாரே ஐயா. புது ரகம் உண்டாக்க வருஷக்கணக்கா செலவு பண்றோம்."

"அவன் களஞ்சியமே எரிஞ்சிருச்சு!"

"தெரியும். படிச்சோம்."

"எங்க படிச்சீங்க?"

"உங்க பத்திரிகையிலதான். பேரு, ரகம், மூட்டைக் கணக்கு, எல்லாம் வந்துச்சே. ரொம்ப அழகா எழுதியிருந்தாங்க."

அம்மா காபிக் கெட்டிலோடு நின்றிருந்தாள். யாருக்கும் ஊற்றவில்லை.

ஏப்ரல் 15
பங்க்கில் நான் பார்த்தது என்ன? அந்த ஆள் ரோமன் வீட்டுக்கு வழி கேட்டிருப்பானோ? யார் வழி கேட்டாலும் டேல் சொல்லாமல் இருக்கமாட்டாரே. கேட்காவிட்டாலும் சொல்வாரே.

ஏப்ரல் 19
வழக்காட எங்களுக்கு அனுமதியில்லை. "சட்டத்துக்கிட்ட போகாத, அம்மோன்" என்றார் சபை மூப்பர். கம்பெனி நீட்டிய காகிதத்தில் அப்பா கையெழுத்துப் போட்டார். இனி அடுத்தவர் விதையை எங்கள் எந்திரத்தில் சலிக்கக் கூடாது. ரோமன் வயலில் விளைவதெல்லாம் குதிரைக்கு. ஒரு மணிகூட விதைக்கு வைக்கக் கூடாது.

"வழக்குப் போடாம விட்டாங்களே" என்று அம்மா யாரையும் பார்க்காமல் சொன்னாள்.

ஏப்ரல் 30
அப்பா எந்திரத்தின் பெல்ட்டைக் கழற்றிவிட்டார். திங்களிலிருந்து மில்லர்ஸ்பர்க் பக்கம் சரக்கு அடுக்கும் மரத்தட்டு செய்யும் பட்டறையில் உட்கார்ந்து ஆணி அடிக்கும் வேலை. மாஸ்ட் குடும்பம் கம்பெனி விதையே வாங்கிவிட்டது. நீலச் சீட்டுத் தைத்த மூட்டைகள் வண்டியில் போவதைப் பார்த்தேன். அவர்களும் எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை.

மே 1
அப்பாவைப் பட்டறைக்கு யார் கூட்டிப்போவது? பாதை முனையில் இருக்கும் தொலைபேசிக் கூண்டுக்குப் போனேன். மூன்று முறை எண்ணைப் போட்டு வைத்துவிட்டேன். நான்காவது முறை அவரே எடுத்தார்.

"டேல், நான் சலோமா. டேல், நான்தான் சொன்னேன். நீங்கன்னு."

அப்பாவின் பட்டறை வேலையையும் அதே மூச்சில் சொல்லிவிட்டேன்.

"நாளைக்கு எத்தனை மணிக்கு வரணும்?"

மே 22
டேல் தினமும் வருகிறார். வானிலை பற்றிப் பேசுகிறார். எங்களிடம் எதுவும் கேட்பதில்லை.

இன்று ரோமன் வீட்டில் ஆராதனை. ஓட்ஸ் முழங்கால் உயரம், அப்படி ஒரு பச்சை. மாஸ்ட் வீட்டம்மா படுத்திருப்பதால் அம்மா கோழியும் நூடுல்ஸும் எடுத்துப் போய்க் கொடுத்தாள்.

வந்ததும் வாரக் கடிதம் எழுத உட்கார்ந்தாள். உடனே எழுந்துவிட்டாள். எட்டிப் பார்த்தேன். 'இந்த வாரம் நல்ல மழை. அனைவரும் நலம்.'

"ரோமன் வயல் நல்லா வந்திருக்கே, அத எழுதலியாம்மா?"

"அதெல்லாம் எதுக்கு" என்று உறையை ஒட்டினாள்.