பத்து விநாடி பொறுக்காத மாமாவுக்கு

அன்புள்ள மாமாவுக்கு,

அன்புள்ள என்று எழுதிவிட்டேனே தவிர, எனக்கு இருக்கிற ஆத்திரத்துக்கு நீங்கள் எதிரில் நின்றிருந்தால் சட்டையைப் பிடித்திருப்பேன். அக்கா புருஷனாச்சே என்றுகூடப் பார்த்திருக்க மாட்டேன்.

திண்டிவனம் பவுண்டரிக்கு அந்தக் காற்று மெஷின் வந்த அன்று நாம் இரண்டு பேருமே சந்தோஷப்பட்டோம். பெட்டியில் மணலைக் கொட்டி மூடியை இறக்கினால் போதும். கம்ப்ரெஸர் காற்று ஒரே அடியில் மணலை இறுக்கி, இரும்பு வார்க்கிற அச்சாக்கிவிடும். இடிகட்டையால் இடித்து இடித்துத் தோள்பட்டை கழன்றுபோக வேண்டாம். மிச்சக் காற்று வெளியேறப் பத்து விநாடி. அதுவரை மூடி திறக்காதபடி ஒரு சுவிட்ச். அந்தப் பத்து விநாடி பொறுக்க உங்களுக்கு என்ன கேடு?

கையால் இடித்த காலத்துப் பழக்கம் உங்களை விடவில்லை. அச்சு இறுகியதா என்று கட்டைவிரலால் அழுத்திப் பார்க்காமல் உங்களுக்கு மனசு ஆறாது. மீட்டர்தான் காட்டுதே மாமா என்றால், "மீட்டருக்கு இன்னாடா தெரியும்? என் விரலு சொல்லும். நீ போய் உன் வேலையைப் பாரு" என்பீர்கள். பெரிய விரல்! சுவிட்ச் வேலை செய்யாதபடி கம்பியால் கட்டிப்போட்டே தினமும் ஓட்டினீர்கள். அன்றைக்கும் காற்று முழுசாக இறங்குவதற்குள் மூடியைத் திறந்தீர்கள். உள்ளே அடைபட்டிருந்த காற்று அந்த மூடியை உங்கள் நெஞ்சிலேயே அடித்தது. ஆம்புலன்ஸ் விழுப்புரம் போய்ச் சேரவில்லை, நீங்கள் போய்விட்டீர்கள். கூட்டேரிப்பட்டு தாண்டும்போது என் கையை இறுக்கிப் பிடித்தீர்களே, என்ன சொல்ல வந்தீர்கள்?

இப்போது மேனேஜர் ஒரு பேப்பரோடு என் பின்னாலேயே சுற்றுகிறார். "ஏழுமலை, அவராதான் கம்பி கட்டிக்கினாரு, எங்க யாருக்கும் தெரியாதுன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்துடு. பேஜாரு இல்லாம முடிஞ்சிடும்." தெரியாதாம்! தினமும் அந்தக் கம்பியைப் பார்த்துக்கொண்டே "ஜல்தியா ஓட்டுங்கப்பா" என்று கத்தியது யார்? நாசமாய்ப் போக.

அக்காவும் விடுகிற மாதிரி இல்லை. காரியம் முடிந்த மறுநாளே பிடித்துக்கொண்டாள். மல்லாட்டை உரித்துக் கடலையைப் பிரித்துக்கொண்டிருந்தவள் அதை அப்படியே போட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். "உன் மாமா தானா பண்ணிக்கினாரா, இல்ல யாராவது சொன்னாங்களா? நீ கூடவே தானேடா இருந்த?" நான் தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து போய்விட்டேன். அதற்கப்புறம் அவளிடம் சரியாகப் பேசவில்லை.

உங்களைத் திட்டித் திட்டியே இத்தனை நாளை ஓட்டிவிட்டேன் மாமா. திட்டுகிற நேரத்தில் வேறு எதுவும் ஞாபகத்துக்கு வருவதில்லை.

திங்கட்கிழமை விசாரணை. அக்காவையும் வரச்சொல்லியிருக்கிறார்கள். மேனேஜர் பேப்பரில் கையெழுத்துப் போட மாட்டேன், இது சத்தியம். நீங்கள் கட்டியதையும் சொல்வேன், அவர் தினமும் பார்த்துக்கொண்டு சும்மா இருந்ததையும் சொல்வேன். "கம்பி இருக்காடா?" என்று நீங்கள் கேட்டபோது, அளவு பார்த்து வெட்டிக் கொடுத்தது நான்தான் என்பதை அக்கா முகத்தைப் பார்த்துச் சொல்வேன்.

உங்கள் மச்சினன்,
ஏழுமலை